உலகளந்த கோல்

நிலத்தைப் பிரித்தறிய மாந்தர் இரு வழிகளைக் கண்டனர். மலையும் காடும் வயலும் கடலும் தாமே வகுத்துத் தந்த பிரிவு ஒன்று. ஆள்வோர் ஓலையில் எழுதி வகுத்த பிரிவு மற்றொன்று. முன்னதைத் தமிழர் திணை என்ற சொல்லால் சுட்டினர். பின்னதற்கு ஊர், நாடு, கூற்றம், கோட்டம், மண்டலம் எனக் காலந்தோறும் இடந்தோறும் பெயர்கள் பல. முதற்பிரிவை எவரும் ஆணையிட்டு அமைத்ததில்லை. அதனை மாற்றவும் எவராலும் எளிதில் இயலாது. இரண்டாம் பிரிவோ அரசரோடு பிறந்து அரசரோடு மறைவது. ஆற்றின் போக்கை ஆட்சியின் எல்லையாக்கி, இவ்விரு பிரிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்திய வேந்தன் ஒருவன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையிலிருந்து ஆண்டான். பெருவுடையார் கோயிலை எழுப்பியவன் என்றே அவனை உலகம் அறியும். அக்கோயிலின் அடித்தளத்தில் அவன் பொறித்து வைத்த ஊர்ப்பெயர்களைப் படிப்பவர்க்கு, அவன் எழுப்பிய மற்றொரு பெரும் கட்டுமானம் கண்ணுக்குப் புலப்படும். அது கல்லால் ஆனதன்று. கோலாலும் கணக்காலும் ஆனது.

முதலாம் இராசராசனின் இயற்பெயர் அருமொழிவர்மன். இரண்டாம் பராந்தகன் எனப்படும் சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் ஐப்பசித் திங்கள் சதய நாளில் பிறந்தவன். ஆதித்த கரிகாலன் அவனுக்கு மூத்தவன். குந்தவைப் பிராட்டியார் தமக்கையார். அரச குடும்பத்தில் பிறந்தும் அவனது இளமை இன்பமாகக் கழியவில்லை. பட்டத்து இளவரசனாய் விளங்கிய அண்ணன் சூழ்ச்சியால் கொலையுண்டான். தந்தை மறைந்தபோது தாயும் உடன் தீப்புகுந்தாள். பால்குடி மறவாத மகவை விட்டு அவள் சென்றாள் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு அச்செயலைப் போற்றிப் பேசுகிறது; அம்மகவின் துயரைப் பற்றி அக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. தாயை இழந்தவனுக்குத் தமக்கையே தாயின் இடத்தில் நின்றார் என்று கொள்ளத் தடையில்லை. பிற்காலத்தில் பெருங்கோயிலுக்குத் தான் அளித்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டபோது, அவன் தனக்கு அடுத்த இடத்தில் தன் அக்கன் அளித்தவற்றையே வைத்தான். தேவியர் அளித்தவை அதன் பின்னரே வருகின்றன.

சுந்தர சோழனுக்குப் பின் அரியணை இயல்பாக அருமொழிக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன் அதனை விரும்பினான். குடிமக்கள் அருமொழியையே வேண்டியபோதும், சிற்றப்பனுக்கு ஆசை உள்ளவரையில் தான் மனத்தாலும் அரசை நினையேன் என அவன் ஒதுங்கினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு தெரிவிக்கிறது. செப்பேடு அரச குடியைப் புகழ எழுந்தது என்பதை மறத்தலாகாது. எனினும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவன் காத்திருந்தான் என்பது உண்மை. உள்நாட்டுப் போர் ஒன்று மூளாமல் அந்த ஆண்டுகள் கழிந்தன. 985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அருமொழிவர்மன் அரியணை ஏறினான். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையோரின் நிலங்களும் உடைமைகளும் பறிக்கப்பட்டது அவனது இரண்டாம் ஆட்சியாண்டில்தான். உடையார்குடிக் கல்வெட்டு அச்செய்தியைத் தாங்கி நிற்கிறது. கொலை நிகழ்ந்து நெடுங்காலம் கழிந்தும் நிறைவேறாதிருந்த தண்டனை அது.

பட்டம் ஏற்றதும் போர்கள் தொடங்கின. காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததை அவன் தன் முதல் வெற்றியாகக் கருதினான். பாண்டிய நாடு அடிப்பட்டது. கங்கபாடியும் நுளம்பபாடியும் தடிகைபாடியும் சோழர் வசமாயின. கடல் கடந்து சென்ற படை அனுராதபுரத்தை அழித்து, பொலன்னறுவையைத் தன் தலைநகராக்கி அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டது. வேங்கி நாட்டில் அவன் துணையோடு சக்திவர்மன் அரசனானான்; சக்திவர்மனின் தம்பி விமலாதித்தனுக்கு அவன் தன் மகளை மணமுடித்துக் கொடுத்தான். ஆட்சியின் இறுதியில் முந்நீர்ப் பழந்தீவுகளும் அவன் ஆணைக்கு உட்பட்டன. இவ்வெற்றிகளைக் கல்வெட்டின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தியாகப் பாடி வைக்கும் வழக்கத்தைத் தொடங்கியவனும் அவனே. போர்களின் விரிவைக் கூறும் நூல்கள் பல உள்ளன. இங்கு நோக்க வேண்டுவது, வென்ற நாடுகளை ஆள்வதற்கு அவன் என் செய்தான் என்பது.

அவன் பெற்ற சோழ நாடு ஒரு சீரான நாடாக இருக்கவில்லை. காவிரிப் படுகையில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நாடுகள் இருந்தன. நாடு என்னும் சொல்லை இன்றைய பொருளில் கொள்ளலாகாது. ஒரு வாய்க்காலையோ ஏரியையோ சுற்றி உழவர் குடிகள் ஊர்களாக அமர்ந்தனர். அண்டையூர்களோடு நீரும் உறவும் பகிர்ந்தனர். அவ்வூர்களின் கூட்டமே நாடு. சில பகுதிகளில் அதனைக் கூற்றம் என்றனர். அதற்கென நாட்டார் என்னும் அவை இருந்தது. எந்த அரசனும் அளந்து வகுத்தவை அல்ல அந்நாடுகள். ஆகவே அவற்றின் உருவம் ஒழுங்கற்றது. ஒன்று சில ஊர்களோடு நிற்கும், மற்றொன்று பல ஊர்களைத் தன்னுள் அடக்கும். ஆற்றின் இரு கரையிலும் பரவிய நாடுகளும் உண்டு. ஊர்மக்களுக்கு அது இடராகத் தோன்றவில்லை. அக்கரையில் இருப்பவனும் அவர்களுக்கு உறவினனே.

தஞ்சையில் அமர்ந்து வரி கேட்பவனுக்கு அது இடர். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அதில் விளைநிலம் எவ்வளவு, எவ்வளவு இறையிலி என்பது நாட்டார்க்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. அளவுகோலும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. பன்னிரு சாண் கோலால் அளந்த ஒரு மாவும் பதினாறு சாண் கோலால் அளந்த ஒரு மாவும் பெயரால் ஒன்றே, பரப்பால் வெவ்வேறு. இந்நிலையில் இரு ஊர்களுக்கு ஒரே விகிதத்தில் வரி விதித்தால் ஓர் ஊர் தேயும், மற்றோர் ஊர் தழைக்கும். ஓயாத போர்களுக்குப் பொருளும் நெல்லும் வேண்டியிருந்த அரசு இதனை நீண்ட காலம் விட்டுவைத்திருக்க இயலாது.

1001ஆம் ஆண்டளவில், தன் ஆட்சியின் பதினாறாம் ஆண்டை ஒட்டி, இராசராசன் நிலம் முழுவதையும் அளக்குமாறு பணித்தான். அப்பணியை நடத்தியவன் குரவன் உலகளந்தான் இராசராச மகாராசன் என்னும் சேனாபதி. அளந்த பணியே அவனுக்கு உலகளந்தான் என்னும் பட்டத்தைத் தந்தது. மூன்றடியால் உலகளந்த திருமாலின் பெயர் கோல் பிடித்த ஓர் அலுவலனுக்கு வாய்த்தது! அளந்த கோலும் உலகளந்த கோல் எனப்பட்டது. அதன் நீளம் பதினாறு சாண். படைத்தலைவன் ஒருவன் இப்பணிக்குத் தலைமை ஏற்றதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தம் நிலத்தின் அளவு அரசுக்குத் தெரிவதை எல்லா ஊரும் விரும்பியிருக்கும் என்று நம்புவதற்கில்லை.

அளவையின் நுட்பம் இன்றும் வியப்பூட்டுவது. ஒரு வேலி இருபது மா. ஒரு மா நான்கு காணி. ஒரு காணி நான்கு முந்திரி. ஆகவே முந்திரி என்பது வேலியில் 320இல் ஒரு பங்கு. அதனினும் சிறியவற்றைக் கீழ் என்னும் வாய்பாட்டால் குறித்தனர். கீழ் ஒவ்வொன்றும் மேலும் 320இல் ஒரு பங்காகச் சுருங்கிச் செல்லும். தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரையில் கணக்கு இறங்குகிறது. அத்துணைச் சிறு நிலத்தில் ஒரு நெல்மணியும் ஊன்ற முடியாது. கோல் கொண்டு அளக்கக் கூடியதும் அன்று அது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் கழித்துப் பகுத்த கணக்கின் எச்சம் என்றே அதனைக் கொள்ள வேண்டும். ஆயினும் அந்த எச்சத்தையும் விடாமல் கல்லில் வெட்டினர். கணக்கர் காட்டிய இந்த விடாப்பிடியே இராசராசன் ஆட்சியின் இயல்பை நமக்கு உணர்த்துகிறது.

அளந்த நிலத்துக்குப் புதிய சட்டகம் ஒன்றும் அமைந்தது. ஊருக்கு மேல் நாடு, நாட்டுக்கு மேல் மண்டலம் என்றிருந்த அமைப்பில், நாட்டுக்கும் மண்டலத்துக்கும் இடையே வளநாடு என்னும் பிரிவு புகுந்தது. பல நாடுகள் சேர்ந்தது ஒரு வளநாடு. பழைய நாடுகளின் ஒழுங்கற்ற எல்லைகளுக்கு மாறாக, வளநாட்டுக்கு ஆறுகளும் வாய்க்கால்களும் எல்லைகளாயின. அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவில் அமைந்த நிலம் உய்யக்கொண்டார் வளநாடு ஆயிற்று. காவிரிக்கு வடக்கே மண்ணி நாடு முதலியவை இராசேந்திரசிங்க வளநாட்டில் அடங்கின. உறையூர்க் கூற்றம் கேரளாந்தக வளநாட்டிலும், ஆவூர்க் கூற்றம் நித்தவினோத வளநாட்டிலும், நாகப்பட்டினத்தைச் சூழ்ந்த பட்டினக் கூற்றம் சத்திரிய சிகாமணி வளநாட்டிலும் அமைந்தன. தலைநகரான தஞ்சாவூரும் பாண்டிய குலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் என்றே முறைப்படி எழுதப்பட்டது.

காவிரிப் படுகையை அறிந்தவர்க்கு இவ்வமைப்பின் பொருத்தம் விளங்கும். அங்கே மலை இல்லை, பெருங்காடும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை வயல். அந்தச் சமவெளியை இயற்கை எதனைக் கொண்டேனும் பிரித்திருக்கிறது என்றால் அது ஆறுகளின் கிளைகளைக் கொண்டுதான். ஆடியில் வெள்ளம் வந்தால் ஒரு கிளையாற்றின் கரையிலுள்ள ஊர்கள் எல்லாம் ஒருசேர நனையும். நீர் குறைந்தால் ஒருசேர வாடும். கரை உடைந்தால் அடைக்க வேண்டியவர்களும் அவர்களே. ஆகவே இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை ஓர் ஆட்சிப் பிரிவாகக் கொள்வது வரிக்கும் ஏற்றது, நீருக்கும் ஏற்றது.

ஆனால் வளநாட்டின் எல்லையைத் தந்தது ஆறு என்றால், அதன் பெயரைத் தந்தவன் அரசன். அருமொழிதேவன், சத்திரிய சிகாமணி, நித்தவினோதன், கேரளாந்தகன், பாண்டிய குலாசனி, உய்யக்கொண்டான் ஆகிய அனைத்தும் இராசராசனின் பெயர்களே. தலைமுறை தலைமுறையாகத் தம் நாட்டின் பெயரால் தம்மை அறிமுகம் செய்துகொண்ட மக்கள், இனி அரசனின் பட்டப்பெயரை முன்னே சொல்லிப் பின்னரே தம் நாட்டைச் சொல்ல வேண்டியதாயிற்று. வென்ற நாடுகளும் இதற்குத் தப்பவில்லை. ஈழம் மும்முடிச் சோழ மண்டலமானது. தொண்டை நாடு சயங்கொண்ட சோழ மண்டலமானது. பாண்டிய நாடு இராசராசன் பெயரையே தாங்கியது. கேரளனுக்கு எமன் என்றும் பாண்டிய குலத்துக்கு இடி என்றும் பொருள்படும் பெயர்களைச் சோழ நாட்டு உழவர் தம் ஊர் முகவரியில் நாள்தோறும் எழுதினர். வெற்றியை நிலத்தின் மேலேயே எழுதி வைக்கும் முறை அது.

எனினும் அவன் பழைய பிரிவுகளை அழிக்கவில்லை. வளநாட்டின் கீழ் நாடுகள் தம் பெயரோடும் நாட்டார் அவையோடும் தொடர்ந்தன. தொண்டை மண்டலத்தில் வழங்கிய கோட்டம் என்னும் பிரிவும் அப்படியே நின்றது. படுகைக்கு ஏற்ற சட்டகத்தை ஏரிப்பாசனம் மிக்க வடபகுதியின் மேல் அவன் திணிக்கவில்லை. அவனது மதிநுட்பத்தில் இதுவே தலையாயது எனலாம்.

ஊர்களின் கணக்குப் புரவுவரித் திணைக்களத்தில் சேர்ந்தது. அரசின் வரித்துறைக்கு அன்று வழங்கிய பெயர் அது. இலங்கையில் அரசுத்துறையைத் திணைக்களம் என்றே இன்றும் வழங்குவர். அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவான், மேலோர் ஒப்பமிடுவர், வரிப்பொத்தகத்தில் பதிவாகும், பின்னர் நாட்டார்க்கு ஓலை செல்லும். ஓர் ஊரை இறையிலியாகக் கொடுக்கும்போது அலுவலரும் ஊராரும் கூடி, பெண்யானை ஒன்றை முன்னே விட்டு எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டுவர். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்தபோது இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு வாய்க்காலையும் மேட்டையும் சுட்டிச் செல்லும் அச்செப்பேடுகள் இன்று நெதர்லாந்து நாட்டின் இலெய்டன் நகரப் பெயரால் அறியப்படுகின்றன. வைதிக அரசன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் அளித்தான் என்பது ஒருபுறம் இருக்க, எவர்க்கு அளித்தாலும் எல்லை பிழையற இருக்க வேண்டும் என்பதில் அவன் மாறவில்லை.

நில அளவை எல்லார்க்கும் ஒரே வகையில் நன்மை தந்ததெனக் கூற இயலாது. ஊரின் மொத்த நிலத்திலிருந்து வரியற்ற நிலத்தைக் கழித்த பட்டியல்கள் தஞ்சைக் கல்வெட்டுகளில் உள்ளன. குடியிருப்பு, கோயில், குளம், ஊடே செல்லும் வாய்க்கால் ஆகியவற்றோடு கம்மாளர் சேரியும் பறைச்சேரியும் சுடுகாடும் அவற்றில் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஊருக்குள் மக்களைப் பிரித்த எல்லைகளையும் கோல் அளந்தது. அவ்வெல்லைகளை அது வரையவில்லை, ஆனால் அழிக்கவுமில்லை. வரி செலுத்தாதவர் நிலைமையும் கடுமையானது. ஆட்சியின் இருபத்துநான்காம் ஆண்டில் பிறந்த ஆணை ஒன்று உக்கல் ஊர்க் கல்வெட்டில் உள்ளது. சோழ மண்டலம், தொண்டை மண்டலம், பாண்டிய நாடு ஆகியவற்றில் அந்தணர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில், பதினாறாம் ஆண்டு முதல் இருபத்துமூன்றாம் ஆண்டு வரையில் இரண்டு முழு ஆண்டுகள் இறை செலுத்தாதவரின் நிலத்தை ஊராரே விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கணக்கு பதினாறாம் ஆண்டிலிருந்து தொடங்குவதை நோக்குக. அளவைக்கு முன் மறைந்திருந்த நிலுவை இப்போது பெயரோடும் பரப்போடும் வெளிப்பட்டது. வேதம் ஓதும் ஊரும் அதற்கு விலக்கன்று.

இவ்வளவு கணக்கும் சென்று சேர்ந்த இடம் பெருவுடையார் கோயில். ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டு, 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் வழங்கப்பட்டது. அது 1010ஆம் ஆண்டு. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்கள் வளநாடும் நாடும் குறிக்கப்பட்டுச் சுவரில் இடம்பெற்றன. ஈழத்து ஊர்களும் அவற்றுள் உண்டு. வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம் நெல் என்பது அவ்வூர்கள் பலவற்றின் கடமை. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கு வீடும் பங்கும் ஒதுக்கப்பட்டன. எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் யார் குடியிருக்கிறார், அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் கல்லில் உள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எங்கோ ஓர் ஊரில் ஒரு வேலி நிலம் விளைத்த கடமை, தஞ்சையில் ஒரு பெண்ணின் ஓராண்டு உணவாக மாறியது. கணக்கர், காவலர், இசைவாணர், தையற்காரர், நாவிதர் எனப் பிறரும் அவ்வாறே பெயரோடு எழுதப்பட்டனர். அரசர் பெயரை மட்டுமே கல்லில் காண்பது உலக வழக்கம். தஞ்சைச் சுவர்களில் எளியோர் பெயர்கள் இத்துணை மிகுதியாக நிலைத்ததற்கு, எதனையும் எழுதாமல் விடாத அந்தக் கணக்குமுறையே காரணம்.

1012இல் மகன் இராசேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்று ஆட்சியில் பங்கேற்றான். 1014இல் இராசராசன் மறைந்தான். நிலம் அதன்பின் ஓய்ந்திருக்கவில்லை. ஆறுகள் கரை மாறின, காடு வயலாயிற்று, புதிய ஊர்கள் தோன்றின. 1086இல் முதலாம் குலோத்துங்கன் மீண்டும் நிலத்தை அளந்தான். பல வளநாடுகளுக்குத் தன் பட்டங்களைச் சூட்டினான். தன் பெயர்களை நிலத்தின் மேல் எழுதிய இராசராசன் செய்ததையே கொள்ளுப்பேரனும் செய்தான்.

சோழர் ஆட்சி முடிந்தபின் வளநாடு என்னும் பிரிவும் மெல்ல வழக்கொழிந்தது. தஞ்சைக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதும் மறந்தது. கரிகாலன் கட்டியது எனத் தலபுராணம் கூற, மக்களும் அதனை நம்பினர். 1886இல் அரசின் கல்வெட்டறிஞராகப் பணியேற்ற ஜெர்மானியர் ஊல்ச் அச்சுவர்களின் எழுத்துகளைப் படியெடுத்து வெளியிட்ட பின்னரே இராசராசன் பெயர் மீண்டது. அப்படிகளில் பாண்டிய குலாசனியும் நித்தவினோதனும் படிப்போர் பொருள் தேடும் சொற்களாக நின்றனர். ஆவூர், அம்பர், உறையூர், திருநறையூர், ஆனைமங்கலம் ஆகியவற்றுக்கோ எவரும் பொருள் தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வூர்களில் அப்போதும் உழவு நடந்துகொண்டிருந்தது.